நாடகம் படிக்கும் பள்ளி மாணவர்கள் நடிப்பிலும் மேடைத் தொழில்நுட்பத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்நிலைப் பள்ளியில் நாடகத்தைப் பாடமாக எடுப்பவர்கள் செய்யும் தவறுகள் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான். வகுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே ‘நான் நடிப்பு’, ‘நான் லைட்டிங்’ என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் வேலை தமக்குச் சம்பந்தமில்லாதது என்று இருந்துவிடுகிறார்கள். எதில் தேர்ச்சி பெறுவது என்பதைப் பின்னர் முடிவு செய்துகொள்ளலாம். பள்ளியில் இரண்டையும் தம் கையால் செய்து பார்க்காதவர் தாம் தேர்ந்தெடுத்த பாதியைக்கூட அரைகுறையாகவே கற்கிறார்.

மேடையில் ஒளி படும்படி நிற்பதையே எடுத்துக்கொள்வோம். தரையில் விழும் ஒளிவட்டத்தின் நடுவில் நின்றால் முகம் பளிச்சென்று தெரியும் என்றே புதிய நடிகர் நினைக்கிறார். ஆனால் முன்பக்க விளக்கு உயரத்திலிருந்து ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வருவதால், அங்கே நிற்பவரின் பாதத்தில்தான் ஒளிக்கற்றையின் மையம் விழும்; முகம் கற்றையின் மேல் விளிம்புக்குப் போய் மங்கிவிடும். சில அடி பார்வையாளர் பக்கமாக வந்து, வட்டம் தமக்குப் பின்னால் விழும்படி நின்றால்தான் முகத்தில் முழு ஒளி படும். விளக்குகளைத் திருப்பிப் பொருத்தும் நாளில் ஒரு மணி நேரம் மேடையில் நின்று கொடுத்த நடிகருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வசனத்தைப் பொறுத்தவரை, தம் வரிகளை மட்டும் வண்ணப் பேனாவால் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்வது மிகப் பரவலான தவறு. அப்படிப் படித்தவர், எதிரில் இருப்பவர் பேசும்போது அதைக் கேட்பதில்லை; தம் முறை வருவதற்கான கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கிறார், அந்தக் காத்திருப்பு அரங்கின் கடைசி வரிசை வரை தெரிகிறது. வரிகளை ஏற்ற இறக்கத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்வது அதைவிடக் கெடுதல், ஏனெனில் இயக்குநர் வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லும்போது நாக்கு பழைய ராகத்துக்கே திரும்பிவிடும். உணர்ச்சி ஏதுமின்றித் தட்டையாக மனப்பாடம் செய்துவிட்டு, பொருளை ஒத்திகையில் தேடுவதே நல்லது.

‘இந்த இடத்தில் சோகம்’, ‘இந்த இடத்தில் கோபம்’ என்று பிரதியின் ஓரத்தில் எழுதிவைப்பதும் பயன் தருவதில்லை. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) வகுத்த முறை, பாத்திரம் எந்தச் சூழலில் இருக்கிறது, இக்கணத்தில் அதற்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று கேட்கச் சொல்கிறது. ‘போய் வா’ என்ற வசனத்தை, எதிரில் நிற்பவர் போகக்கூடாது என்ற விருப்பத்தோடும் சொல்லலாம், சீக்கிரம் தொலைந்தால் போதும் என்ற எண்ணத்தோடும் சொல்லலாம். விருப்பம் தெளிவானால் குரல் தானாக மாறும். அதே குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோவதாக நினைத்துத் தொண்டையால் கத்துவதையும் விட்டுவிட வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கும் தெளிவான உச்சரிப்புக்கும் மாற்று இல்லை.

தொழில்நுட்பப் பக்கம் போனவர்களின் முதல் தவறு நாடகத்தைப் படிக்காமலிருப்பது. கதவு தட்டும் ஒலி எந்தச் சொல்லுக்குப் பின் வர வேண்டும் என்பது மட்டும் தெரிந்தவர், நடிகர் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டால் திகைத்து நிற்பார். காட்சியைப் புரிந்தவர் சமாளித்துவிடுவார். மேடை நிர்வாகியின் பிரதியில் நடிகர்களின் நகர்வுகளையும் ஒளி, ஒலிக் குறிப்புகளையும் பென்சிலால்தான் எழுத வேண்டும், ஏனெனில் அவை ஒத்திகைதோறும் மாறும். இடம், வலம் என்பவை பார்வையாளர்களை நோக்கி நிற்கும் நடிகரின் இடமும் வலமும் என்பதை முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும். மேடை நிர்வாகி ‘ஸ்டாண்ட்பை’ (தயாராக இரு) என்று எச்சரித்து, ‘கோ’ (செய்) என்றதும் விளக்கு மாறும் வழக்கமுள்ள ஹெட்செட்டில் அந்த இரண்டாவது சொல்லைப் பேச்சுவாக்கில் உச்சரித்தால், காட்சி நடுவே மேடை இருண்டுபோகலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் சலுகையே கிடையாது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்வா தியேட்டரில் ஒரு ஆர்க் விளக்கின் பொறி திரைச்சீலையில் பற்றி, தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கி, வெளியேறும் கதவுகள் பல பூட்டிக் கிடந்ததால் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ‘தீப்பிடிக்காத அரங்கம்’ என்று விளம்பரம் செய்யப்பட்ட கட்டடம் அது. ஆகவே வெளியேறும் வழியில் அரங்கப் பொருட்களை ‘இப்போதைக்கு’ வைப்பது, தொங்கும் விளக்குக்குப் பாதுகாப்புச் சங்கிலி மாட்டாமல் இறங்கிவிடுவது, ஏணியில் ஏறுபவருக்குக் கீழே பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் விடுவது ஆகியவை சோம்பல் என்ற பெயரில் மன்னிக்கத்தக்கவை அல்ல. மின்சுமையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்: 2,400 வாட் தாங்கும் டிம்மர் சேனலில் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவியின் ஒரு மின்தடத்தில்) 575 வாட் விளக்குகள் நான்கு மாட்டலாம், ஐந்தாவதை மாட்டக் கூடாது. எந்த இணைப்பையும் பொறுப்பான பெரியவர் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் வேளையில் நடிப்பு மாணவர் தனிவசனம் ஒன்றைப் பேசிக் காட்டிவிடலாம். தொழில்நுட்ப மாணவரிடம் கேட்கப்படுவது விளக்கு வரைபடம், குறிப்புத் தாள்கள், அரங்க அமைப்பின் புகைப்படங்கள் போன்றவை. இவற்றை ஒத்திகை நாட்களிலேயே, முழு ஒளியிலும் காட்சி ஒளியிலும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கடைசி நிகழ்ச்சி முடிந்த இரவே அரங்க அமைப்பைப் பிரித்து அடுக்கிவிடுவார்கள்.