காயம்பட்ட தாத்தா எந்த மாளிகையில் தேறினார்? தேடத் தொடங்கும் வழி

என் கணவர் இங்கிலாந்துக்காரர். அவருடைய தாத்தா முதல் உலகப் போரில் காயம்பட்டு, யாரோ ஒரு பிரபுவின் மாளிகையில் தங்கி உடம்பு தேறினார் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த மாளிகை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு தபால் அட்டைப் படம்.

அந்தப் போரில் பிரிட்டன் முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட துணை மருத்துவமனைகள், அதாவது மாளிகைகள் போன்ற இடங்களில் சிப்பாய்கள் தேறுவதற்காகத் திறந்தவை, இயங்கின. அப்போது செஷயரில் இருந்த டன்ஹாம் மாஸி மாளிகையில் மட்டும் 1917 முதல் 1919 வரை 282 சிப்பாய்கள் தங்கித் தேறினார்கள். அதனால் மாளிகையிலிருந்து தொடங்காதீர்கள், தொலைந்துபோவீர்கள்.

முதலில் படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். தேறிவரும் சிப்பாய்களுக்கு நீல உடை, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் வெளிறித் தெரியும், கோட்டின் கழுத்து மடிப்பில் உள்துணி வெள்ளையாக எட்டிப் பார்க்கும். தொப்பிச் சின்னம் எந்தப் படைப்பிரிவு என்று சொல்லிவிடும். அப்புறம் அட்டையைத் திருப்புங்கள். எங்கள் அட்டையில் பென்சில் எழுத்து அழிந்துபோயிருந்தது, ஆனால் ஓரத்தில் போட்டோ ஸ்டுடியோவின் ஊர்ப் பெயர் அச்சில் இருந்தது. ஸ்டுடியோக்காரர் வெகுதூரம் போய்ப் படம் எடுத்திருக்க மாட்டார் என்று நினைத்து, அந்த ஊரைச் சுற்றியே தேடினோம்.

அடுத்தது ரெஜிமென்ட் எண், அதாவது படையில் சிப்பாய்க்குக் கொடுத்த எண். லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளில், அதாவது யாருக்கு என்ன போர்ப் பதக்கம் என்று குறித்த அட்டைகளில், அது கிடைக்கும். பெயரை மட்டும் நம்பாதீர்கள், அதே பெயரில் பலர் இருப்பார்கள். பிராந்தியப் படையினருக்கு (பகுதிநேரத் தன்னார்வப் படை) 1917-ல் எண் மாறியது என்பதால் பழைய எண், புதிய எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பணிக்கோப்பும் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். 1940 செப்டம்பரில் விழுந்த குண்டில் பாதிக்கு மேல் எரிந்துபோயின.

சரி, நோயாளிகளின் பதிவேடு? பெரும்பாலும் கிடைக்காது. அதே காப்பகத்தின் எம்.எச். 106 என்ற தொகுப்பில் மாதிரிக்கென்று வைத்துக்கொண்டவைதான் இருக்கின்றன. இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். தாத்தாவைத் தேடுவதை நிறுத்திவிட்டு, படத்தில் கிடைத்த ஊரைச் சுற்றியிருந்த மருத்துவமனைகளில் அவரைக் கவனித்திருக்கக்கூடிய நர்ஸ்களைத் தேடுங்கள். செஞ்சிலுவைச் சங்கம் அந்தக் காலத் தன்னார்வலர்களின் அட்டைகளை இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. யார், எங்கே, எப்போதிலிருந்து எப்போது வரை வேலை பார்த்தார் என்பது அவற்றில் இருக்கும்.

அந்த நர்ஸ்களில் பலர் ஆட்டோகிராஃப் நோட்டு வைத்திருந்தார்கள். சிப்பாய்கள் அதில் பாட்டு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், கீழே பெயரும் படைப்பிரிவும் தேதியும் போட்டார்கள். இப்படிப்பட்ட நோட்டுகள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எங்களுக்குக் கிடைத்த நோட்டில் தாத்தா ஒரு தேநீர்க் கெண்டியை வரைந்திருந்தார். கையெழுத்துக்குக் கீழே இருந்தது பதக்க அட்டையில் பார்த்த அதே எண். என் கணவர் அந்தப் பக்கத்தை விட்டு வெகுநேரம் நகரவில்லை.

ஆனால் நீங்கள் அந்த ஒரு பக்கத்தோடு நிற்காதீர்கள். முன்னும் பின்னும் உள்ள தேதிகளையும் எழுதிக்கொள்ளுங்கள், பென்சிலால் மட்டும், பேனாவுக்கு அங்கே அனுமதி கிடையாது. அந்தத் தேதிகளோடு உள்ளூர்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினால், அந்த வாரம் மாளிகையில் நடந்த கச்சேரியும் தேநீர் விருந்தும்கூடக் கண்ணில் படலாம்.