ரீஸ்லிங் வாங்கும்போது முதலில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள்

ஜெர்மனியின் ட்ரியர் நகரில் ஒரு ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்கு வரும் நம் ஆட்களில் பாதிப் பேர் ரீஸ்லிங் என்றதுமே "அது இனிப்பாச்சே, வேண்டாம்" என்று அடுத்த அலமாரிக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் இனிப்பென்று நம்பி வாங்கிப் போய், புளிப்பில் பல் கூசுகிறது என்று திரும்பி வருவார்கள். இரண்டு தரப்பு சொல்வதும் உண்மைதான். ரீஸ்லிங் என்ற ஒரே வெள்ளைத் திராட்சையிலிருந்து துளியும் இனிப்பில்லாத ஒயினும் செய்கிறார்கள், தேன் போன்ற ஒயினும் செய்கிறார்கள். எந்த பாட்டிலில் எது இருக்கிறது என்று கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க முடியும்.

லேபிளில் ஆல்கஹால் சதவீதம் சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். 7.5 முதல் 9 வரை இருந்தால் நல்ல இனிப்பு. 12-க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பில்லாதது. நடுவில் 10, 11 என்று இருந்தால் இரண்டுங்கெட்டான். அப்போது மற்ற சொற்களையும் பார்க்க வேண்டும். காரணம் எளிது. பழத்தின் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. பாதியில் நிறுத்திவிட்டால் ஆல்கஹால் குறையும், சர்க்கரை மிஞ்சும்.

ஜெர்மன் பாட்டிலில் 'ட்ரோக்கென்' என்று இருந்தால் கவலை வேண்டாம், இனிப்பில்லாத வகை. சட்டப்படி லிட்டருக்கு 9 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். ரீஸ்லிங்கின் புளிப்பில் அது நாக்குக்குத் தெரியாது. 'ஃபைன்ஹெர்ப்' என்றால் லேசான இனிப்பு. இதற்குச் சட்ட வரையறை கிடையாது, தயாரிப்பாளர் மனசுதான் அளவு. பலரும் தடுமாறுவது 'கபினெட்', 'ஷ்பேட்லேசே', 'அவுஸ்லேசே' ஆகிய மூன்றிலும். இவை அறுவடையின்போது பழத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதைச் சொல்கின்றனவே தவிர, பாட்டிலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அல்ல. 'ஷ்பேட்லேசே ட்ரோக்கென்' என்றே பாட்டில்கள் உண்டு. நன்றாகப் பழுத்த பழம், ஆனால் இனிப்பில்லாத ஒயின்.

இனிப்பை விட முக்கியம் புளிப்பு. ரீஸ்லிங்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. புளிக்குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போட்டால் குழம்பு பாயசமாகிவிடுவதில்லை, புளி அடங்கி உருண்டு வருகிறது. ஜெர்மனியின் மோசெல் நதிக்கரையில் விளையும் நல்ல கபினெட்டில் சர்க்கரை செய்யும் வேலையும் அதுதான். லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை இருந்தும் வாய் திகட்டாது.

மோசெல் பக்கம் போனால் பிரெம் என்ற ஊருக்கு மேலே கால்மோன்ட் சரிவை ஒருமுறை ஏறிப் பாருங்கள். சில இடங்களில் 65 பாகை சாய்வு. டிராக்டர் ஏற முடியாது. ஆட்கள் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டியில் பழக்கூடைகளை இறக்குவார்கள். பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பு நட்டு, கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டியிருப்பார்கள். காலடியில் சாம்பல் நிறப் பலகைக்கல் தட்டுத் தட்டாக உடையும். பகலில் அது குடிக்கும் வெயிலை இரவில் கொடிக்குத் திருப்பித் தருகிறது. 50-ஆம் பாகை வடக்கு அட்சரேகை ஓடும் இந்தக் குளிரில், தாமதமாகப் பழுக்கும் இந்தத் திராட்சை முழுசாய்ப் பழுப்பதற்கு அந்தச் சூடு வேண்டும். கல்லின் ருசி வேர் வழியாக ஒயினுக்குள் ஏறுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கல் தருவது சூடும் வடிகாலும்தான். இளம் மோசெலில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், வெள்ளைப் பூக்களின் மணம் வரும்.

ஜெர்மனியின் இன்னொரு ஒயின் பகுதியான ரைன்காவில் ரைன் நதி கொஞ்ச தூரம் மேற்கே திரும்பி ஓடுவதால் வடகரைச் சரிவுகள் தெற்கு வெயிலை முழுசாக வாங்கும். ஒயினில் சதைப்பற்று கூடும். அங்குள்ள யோஹானிஸ்பெர்க் மாளிகையில் 1720-இல் ரீஸ்லிங் நட்டார்கள். 1775-இல் அறுவடைக்கு அனுமதி கொண்டுவர வேண்டிய குதிரைக்காரர் தாமதமாக வந்ததால் பழங்கள் கொடியிலேயே வாடிப்போய், அதிலிருந்து பிறந்ததுதான் 'தாமத அறுவடை' என்று பொருள்படும் ஷ்பேட்லேசே என்று அங்கே சொல்வார்கள்.

பிரான்ஸின் அல்சாஸ் வேறு குணம். வோஜ் மலைகள் மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிடும். கொல்மார் பிரான்ஸின் வறண்ட ஊர்களில் ஒன்று. அதனால் 12.5, 13 என்று ஆல்கஹால் கூடி, வாயில் கனமாக, பெரும்பாலும் இனிப்பில்லாமல் இருக்கும். 2021 அறுவடையிலிருந்து இனிப்பின் அளவை லேபிளில் சொல்லியாக வேண்டும். இனிப்பில்லாதது வேண்டுமென்றால் 'செக்' என்று இருப்பதை எடுங்கள். ஆஸ்திரியாவின் வாஹாவில் டான்யூப் நதிக்கரைப் படிக்கட்டுத் தோட்டங்களின் ஒயினுக்கு மூன்று பெயர்: மெல்லியது ஷ்டைன்ஃபெடர், நடுத்தரம் ஃபெடர்ஷ்பீல், கனமானது ஸ்மரக்ட்.

ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலி, ஈடன் வேலி ஒயின்களில் எலுமிச்சை மணம் மூக்கைத் துளைக்கும். பெரும்பாலும் சுத்தமாக இனிப்பிருக்காது. கிளேர் வேலித் தயாரிப்பாளர்கள் 2000-ஆம் ஆண்டு அறுவடையில் ஒன்றுசேர்ந்து தக்கையை விட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். ஆகவே திருகு மூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், மண்ணெண்ணெய் வாசனை. வயதான ரீஸ்லிங்கில் அது வரும். ஒயின் கெட்டுப்போகவில்லை. டி.டி.என். என்ற சேர்மம்தான் காரணம். வெயில் நேராகப் பட்ட பழங்களில் அதற்கான மூலப்பொருள் அதிகம் சேர்கிறது. அதனால் ஆஸ்திரேலிய பாட்டில்களில் சீக்கிரமே தலைகாட்டும். மோசெலில் பல வருடம் ஆகும். எனக்கு அந்த வாசனை லேசாக இருந்தால் மிகவும் பிடிக்கும்.

சரி, பழகுவது எப்படி? மோசெல் கபினெட் ஒன்று, அல்சாஸ் ஒன்று, கிளேர் ஒன்று வாங்குங்கள். நாலைந்து பேர் கூடும் நாளில் மூன்றையும் ஒன்றாகத் திறங்கள். 8 முதல் 10 டிகிரி குளிர் போதும். அதற்குக் கீழே போனால் மணம் அமுங்கிவிடும். கிளேர், அல்சாஸ், கடைசியாக மோசெல். இனிப்பை முதலில் குடித்தால் மற்ற இரண்டும் கடுப்படிக்கும். ஒரு வாய் விழுங்கியதும் நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று கவனியுங்கள். அதுதான் புளிப்பின் அளவு. இனிப்பு நாக்கை ஏமாற்றலாம், எச்சில் ஏமாறாது.

மேசையில் காரமான நண்டுக் குழம்போ மிளகு வறுவலோ இருந்தால் கபினெட்டை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் அதிகமான ஒயின் மிளகாய் எரிச்சலைக் கூட்டும். 8 சதவீதமும் கொஞ்சம் சர்க்கரையும் அதைத் தணிக்கும். எலுமிச்சை பிழிந்த பொரித்த மீனுக்குக் கிளேர். பாட்டிலின் அடியில் பளபளக்கும் படிகங்கள் கிடந்தால் பயப்பட வேண்டாம். டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் படிந்தது அது. கலக்காமல் மெதுவாக ஊற்றினால் போதும். மீந்ததை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், கபினெட் நாலைந்து நாள் தாங்கும்.