எலக்ட்ரானிக் மியூசிக் மியூசியம் போறீங்களா, காதை ரெடி பண்ணிட்டு போங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துல இருந்து ஜெர்மனி சுவிஸ்னு படிக்கவோ வேலைக்கோ போற பசங்க இப்ப நெறைய பேர் இருக்காங்க, அதுல பாட்டு பைத்தியம் புடிச்சதுங்களும் உண்டு. நான் அரூர் சைடுல ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிச்சுட்டு இருந்தவன்கறதால "அண்ணா, ஃப்ராங்க்ஃபர்ட்ல ஏதோ டெக்னோ மியூசியம் இருக்காமே, போலாமா, காசு வேஸ்டா"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க (டெக்னோன்னா மெஷின்லயே பண்ற க்ளப் டான்ஸ் பாட்டு). ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு போட்டு தொண்டை காஞ்சு போச்சு, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிடலாம்னு.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. நம்ம தர்மபுரி மியூசியத்துல நடுகல் பாக்கறோம், வீரன் கையில வில்லு இருக்கும், சுத்தி எழுத்து இருக்கும், எந்த சண்டையில செத்தான்னு அதுலயே வெட்டியிருக்கும், நின்னு பாத்தா போதும் கதை வந்துடும். சிந்தசைசர், அதாவது கரண்ட்லயே சத்தத்த உருவாக்கற மெஷின், அப்படி இல்ல, கரண்ட் இல்லாம கண்ணாடிக்குள்ள வச்சா அது வெறும் பொட்டி, நூறு திருகாணி வச்ச பொட்டி, அவ்ளோதான். அதனாலதான் நெறைய பேர் உள்ள போய் கலர் லைட்டு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு கால் மணி நேரத்துல வெளிய வந்து "ஒண்ணுமே இல்லப்பா"ன்றாங்க. கேட்டா எல்லாம் இருக்கும்.

நான் சொல்ற முறை ரொம்ப சிம்பிள். எந்த மெஷின் முன்னாடி நின்னாலும் ரெண்டே கேள்வி. சத்தம் எங்க பொறக்குது? எப்ப அடிக்கணும்னு முடிவு பண்றது யாரு, மனுஷன் கையா மெஷினா? இந்த ரெண்டுக்கும் பதில் தேட ஆரம்பிச்சீங்கன்னா பக்கத்துல இருக்கற போர்டுல என்ன எழுதியிருக்குன்னு ஜெர்மன் தெரியலன்னாலும் பரவால்ல, பாதி மியூசியம் புரிஞ்சுடும்.

இதுக்கு பயிற்சி நம்ம ஊர்லயே எடுத்துக்கலாம், ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே. மாரியம்மன் கோயில்ல சாயங்கால பூஜைக்கு ஸ்விட்ச் தட்டுனா டம் டம் டிங் டிங்னு அடிக்குமே ஒரு மெஷின், அது பக்கத்துல போய் நின்னு பாருங்க. மோட்டார் சுத்தும், பெல்ட்டு ஒரு கம்பிய சுத்தும், கம்பியில இருக்கற மொட்டு குச்சிய தூக்கி தூக்கி விடும், குச்சி நெஜமான மேளத்துல விழும், மணியும் நெஜமான வெண்கல மணி. கரண்ட்டு கைக்கு பதிலா வேலை செய்யுது, ஆனா சத்தம் பொறக்கறது தோல்ல. அதனால அது எலக்ட்ரிக்கே தவிர எலக்ட்ரானிக் இல்ல. அப்பறம் பஜனை நடக்கற எடத்துல எலக்ட்ரானிக் தம்புரா வச்சிருப்பாங்க, சின்ன பொட்டி, ரெண்டு மூணு திருகாணி. பெங்களூர்ல ராஜ் நாராயண்னு ஒருத்தர், புல்லாங்குழல் வாசிக்கற இன்ஜினியர், 1979ல கண்டுபிடிச்சது, ரேடல் கம்பெனி அவரோடதுதான். அதுல தந்தியே கெடையாது, சர்க்யூட்தான் ஊசலாடுது, ஸ்பீக்கர் வரைக்கும் வந்தாதான் அது சத்தமே. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு புடிபட்டுச்சுன்னா மியூசியத்துல கடைசி ரூம் வரைக்கும் தைரியமா போலாம்.

இன்னொண்ணு, நம்ம திருவிழா மேடையில "பேட்"னு சொல்றோமே, எட்டு ரப்பர் கட்டம் வச்சது, குச்சியால அடிச்சா தபேலா, உடுக்கை, பறைன்னு எல்லாம் வரும். அது ரோலண்ட் கம்பெனி 1985ல கொண்டு வந்த ஆக்டாபேட் வம்சம். அந்த அண்ணன் பேட்டை செட் பண்ணும்போது பின்னாடி போய் பாருங்க, அஞ்சு ஓட்டை வச்ச ஒரு வட்ட சாக்கெட் இருக்கும், கீபோர்டுலயும் பழைய மாடல்னா அதே இருக்கும், அதுதான் மிடி. 1983ல கம்பெனிங்க எல்லாம் சேர்ந்து ஒத்துக்கிட்ட பாஷை, யமஹா கீபோர்டுல அழுத்துனா ரோலண்ட் பொட்டி பேசும். அது வழியா சத்தம் போகாது, எந்த கட்டைய எவ்ளோ வேகமா அழுத்துனாங்கன்ற தகவல் மட்டும்தான் போகும். மியூசியத்துல 1983க்கு முன்னாடி பின்னாடின்னு ஒரு கோடு போட்டு பாருங்க, முன்னாடி உள்ளது பலதுல வயரு வயரா தொங்கும், பின்னாடி உள்ளது பெரும்பாலும் பளபளன்னு பட்டனா மாறிடும்.

சரி உள்ள போயாச்சு. பழைய பொருளா இருக்கற பக்கத்துல முதல்ல ஹேமண்ட் ஆர்கன் இருந்தா அங்க நில்லுங்க. 1935ல வந்தது, கண்டுபிடிச்ச லாரன்ஸ் ஹேமண்ட் அதுக்கு முன்னாடி கடிகாரம் பண்ணிட்டு இருந்த ஆளு, அந்த கடிகார மோட்டாரையே ஆர்கனுக்குள்ள வச்சுட்டாரு. உள்ள பல் வச்ச இரும்பு சக்கரங்க காந்தத்துக்கு முன்னாடி சுத்துது, சக்கரத்துல எத்தன பல்லு இருக்கோ அதுக்கேத்த ஸ்வரம். நம்ம கோயில் மேளத்துக்கு பாதி சொந்தம், பாதி கரண்ட்டு. மெலட்ரான்னு ஒரு கீபோர்டு, பாத்தீங்கன்னா அது இன்னும் விசித்திரம், ஒவ்வொரு கட்டைக்கு கீழயும் ஒரு டேப் துண்டு, அழுத்துனா வயலினோ புல்லாங்குழலோ ஓடும், ஒரு எட்டு செகண்டுல டேப் முடிஞ்சுடும், கைய எடுத்தா ஸ்பிரிங் இழுத்து பழைய எடத்துக்கு கொண்டு வந்துடும். இன்னிக்கு கீபோர்டுல "ஸ்ட்ரிங்ஸ்"னு ஒரு பட்டன் தட்டி கல்யாண வீட்ட அழ வைக்கறோமே, அதுக்கு பாட்டன் இதுதான்.

தெரமின்னு ஒரு வாத்தியம், தொட்டுப் பாக்க விட்டாங்கன்னா விடாதீங்க, ஆனா தொடவும் கூடாது, அதான் அதோட வேலையே. 1920 வாக்குல ரஷ்யாவுல லியோன் தெரமின் பண்ணது. நேரா நிக்கற கம்பிகிட்ட வலது கைய கொண்டு போனா ஸ்வரம் ஏறும், பக்கத்துல வளையமா இருக்கறதுகிட்ட இடது கைய கொண்டு போனா சத்தம் குறையும். ஒரு டிப்ஸ், நீங்க வாசிக்கும்போது கூட வந்தவங்கள ரெண்டடி தள்ளி நிக்க சொல்லுங்க, அவங்க ஒடம்பும் அந்த மின்புலத்துல சேர்ந்துக்கும், நீங்க ஒழுங்கா நின்னாலும் ஸ்வரம் நழுவும். கையில கட்டைன்னு ஒண்ணு இல்லாததால ச-வுல இருந்து ப-வுக்கு போறது தானாவே கமகமா, அதாவது ஸ்வரம் வழுக்கிட்டு போற மாதிரி வரும், கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கத்துக்கிட்டவங்க இதுல வெள்ளக்காரங்கள விட சீக்கிரம் செட் ஆயிடுவாங்கன்றது என் அபிப்ராயம், பந்தயம் கட்ட மாட்டேன்.

1960கள்ல மூக்னு (Moog) அமெரிக்க சிந்தசைசர் வந்தப்பறம் உள்ளது வயர் காலம். ஒரு மூலையில சத்தம் பொறக்கும், வயர் வழியா இன்னொரு பொட்டிக்கு போய் சீவி எடுக்கப்படும், அடுத்ததுல ஏறி எறங்கும். வயரை கண்ணால பின்தொடர்ந்து போங்க, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு. லண்டன்ல 1969ல வந்த விசிஎஸ்3ன்னு ஒரு சிந்தசைசர், அதுல வயரே இல்ல, சதுரமா கட்டம் கட்டமா ஓட்ட, பக்கவாட்டுல ஒரு பேரு, மேல ஒரு பேரு, எந்த ரெண்ட இணைக்கணுமோ அது சந்திக்கற ஓட்டையில குட்டி ஊசி ஒண்ணு சொருகணும். ஒரு ஊசிய ஒரு கட்டம் தள்ளி சொருகுனா வேற சத்தம், அதனாலதான் அந்த காலத்து ஆளுங்க நோட்டுல கட்டம் போட்டு எழுதி வச்சாங்க.

இதுக்கெல்லாம் நம்ம நாட்டுக்கு சம்பந்தமே இல்லன்னு நினைக்காதீங்க. அகமதாபாத்ல இருக்கற என்ஐடிங்கற டிசைன் காலேஜ்ல 1969லயே மூக் சிந்தசைசர் வச்சு ஸ்டுடியோ ஆரம்பிச்சுட்டாங்க, அமெரிக்காவுல இருந்து டேவிட் டியூடர்னு இசையமைப்பாளர் வந்து அமைச்சு குடுத்தாரு. அப்பறம் 303 கதை. ரோலண்ட் டிபி-303ன்னு ஒரு சின்ன வெள்ளி கலர் பொட்டி, பேஸ் கிட்டார் ஆளுக்கு பதிலா வைக்கலாம்னு பண்ணாங்க, கிட்டார் மாதிரி துளியும் இல்ல, யாரும் சீந்தல, சில வருஷத்துலயே நிறுத்திட்டாங்க. செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கெடைக்கவும் சிகாகோ பசங்க வாங்கி திருகாணிய கண்டபடி திருகி 1987ல ஆசிட் ஹவுஸ்னு ஒரு ஜாதி பாட்டையே உருவாக்கிட்டாங்க. ஆனா அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, 1982ல, பம்பாய்ல சினிமாவுக்கு வாசிச்சுட்டு இருந்த சரண்ஜித் சிங் அதே 303, டிஆர்-808ன்ற ட்ரம் மெஷின், ஜூப்பிட்டர்-8ன்ற கீபோர்டு சிந்தசைசர் மூணையும் வச்சு பத்து ராகத்த டிஸ்கோ பீட்டுல போட்டு ரெக்கார்டு விட்டுட்டாரு, அப்ப யாரும் கண்டுக்கல. ராகம் நழுவி நழுவி போகணும், 303ல ஸ்லைடுன்னு பட்டனே இருக்கு, ரெண்டும் பொருந்திடுச்சு. அந்த பொட்டி முன்னாடி நிக்கும்போது இத கூட வந்தவங்ககிட்ட சொல்லுங்க, வெளிநாட்டு ஃப்ரெண்டா இருந்தா இன்னும் நல்லது.

808 முன்னாடிதான் அதிக நேரம் செலவு பண்ணுங்க. 1980ல வந்து 1983ல நின்னு போச்சு, மொத்தமே சுமார் 12,000தான் பண்ணாங்க. கீழ வரிசையா 16 பட்டன், நாலு நாலா சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. கிக்க (பெரிய ட்ரம்மோட "தும்" சத்தம்) தேர்ந்தெடுத்து சிவப்புல முதல் பட்டன், ஆரஞ்சுல முதல் பட்டன், அப்படியே மஞ்சள், வெள்ளை, அழுத்துனா உலகத்துல எல்லா க்ளப்புலயும் ஓடுற "தும் தும் தும் தும்" ரெடி. எப்ப அடிக்கணும்னு முடிவு பண்றது இப்ப மெஷின், நீங்க கட்டளை மட்டும் போட்டீங்க, என் ரெண்டாவது கேள்விக்கு பதில் இங்கதான் தெளிவா தெரியும். இதுல நம்ம ஊர் தெம்மாங்கு அடி போட்டு பாக்கணும்னு ஆசைப்பட்டா 16ல உக்காராது, ஏன்னா நம்ம அடி மூணு மூணா நடக்கும், 12வது பட்டனோட திரும்ப முதலுக்கு வர்ற மாதிரி செட் பண்ணனும், அங்க இருக்கறவங்கள கேட்டா மாத்தி குடுப்பாங்க, சந்தோஷமாவும் செய்வாங்க.

எந்த மியூசியம் எதுக்குன்னு சுருக்கமா சொல்லிடறேன். பசங்க கேக்கற அந்த ஃப்ராங்க்ஃபர்ட் டெக்னோ மியூசியம் பேரு மோமெம், 2022 ஏப்ரல்ல தொறந்தது, ஹவுப்ட்வாஹே ஸ்டேஷன்ல, ஏர்போர்ட்ல இருந்து எஸ்8 இல்ல எஸ்9 ட்ரெயின் ஏறுனா நேரா அங்கதான். மெஷினா அடுக்கி வச்சிருப்பாங்கன்னு போகாதீங்க, அது டிஜே, க்ளப், அந்த ராத்திரி வாழ்க்கைய பத்தின இடம், முதல் கண்காட்சியே ஸ்வென் வாத்னு ஃப்ராங்க்ஃபர்ட் டிஜேவ பத்திதான். க்ளப் பக்கமே போகாதவங்களுக்கு கொஞ்சம் அந்நியமா இருக்கும், எனக்கும் சாராய வாடையே இல்லாம க்ளப் கதை கேக்கறது ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நீங்க எறங்கற அதே ஏர்போர்ட் டெர்மினல் 1ல 1978ல இருந்து 2000 வரைக்கும் டோரியன் கிரேன்னு பெரிய டிஸ்கோ ஓடுச்சு, சூட்கேஸ் தள்ளிட்டு போகும்போது நெனச்சுக்கோங்க. பெங்களூர்ல இருந்து வேற நாட்டுக்கு போற வழியில நாலு மணி நேரம் கேப் இருக்கு, எட்டி பாத்துட்டு வந்துடலாம்னு ப்ளான் போடறவங்க கவனம், ஷெங்கன் விசா இல்லாம ஏர்போர்ட்ட விட்டு வெளிய விட மாட்டாங்க.

மெஷின்தான் வேணும்னா சுவிஸ்ல ஃப்ரிபூர் போங்க, ஸ்மெம்னு பேரு, பழைய பீர் ஃபேக்டரி வளாகத்துல இருக்கு, பெர்ன்ல இருந்து ட்ரெயின்ல கொஞ்ச தூரம்தான். ஆயிரக்கணக்குல கீபோர்டு, ட்ரம் மெஷின், ஆர்கன்னு அலமாரியில அடுக்கி வச்சிருக்காங்க, ப்ளேரூம்னு ஒண்ணு இருக்கு, முன்னாடியே புக் பண்ணிட்டு போனா உக்காந்து வாசிக்கலாம். கீபோர்டு ஆளுங்க ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா கண்ண மூடிட்டு இங்கயே போங்க. அமெரிக்காவுல டெட்ராய்ட் பக்கம் இருக்கறவங்களுக்கு எக்ஸிபிட் 3000ன்னு டெக்னோ மியூசியம் இருக்கு, டெக்னோவ உருவாக்குன கறுப்பின பசங்களோட கதை, முன்கூட்டியே சொல்லிட்டுதான் போகணும்.

கையில என்ன எடுத்துட்டு போறது? வயர் வச்ச நல்ல ஹெட்ஃபோன் ஒண்ணு, கூடவே சின்ன ஜாக்க பெரிய ஜாக்கா மாத்தற பின், இது நம்ம ஊர் சவுண்ட் சர்வீஸ் கடையிலயே சில்லறை காசுக்கு கெடைக்கும், பழைய மெஷின்ல எல்லாம் பெரிய ஓட்டதான். ப்ளூடூத் வச்சுட்டு போய் நிக்காதீங்க. போட்டோவ விட சத்தத்த ரெக்கார்டு பண்ணுங்க, அனுமதி கேட்டுட்டு, முதல்ல உங்க வாயால மெஷின் பேர சொல்லிட்டு அப்பறம் பத்து செகண்ட் சத்தம். ராத்திரி ரூமுக்கு வந்து கேட்டா எது எதுன்னு குழம்பாது. கூட்டம் இல்லாத வார நாள் காலையில போனா ஒரே மெஷின்ல உக்காந்து கெடக்கலாம், வாரக்கடைசின்னா பின்னாடி ஒரு குழந்த வரிசையில நிக்கும், மனசு கேக்காது.

வெளிநாடெல்லாம் இப்போதைக்கு ஆவாதுன்றவங்க கிருஷ்ணகிரியில பஸ் ஏறி பெங்களூர் ஜே.பி. நகர்ல இருக்கற இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் மியூசியத்துக்கு போங்க, எலக்ட்ரானிக் மட்டும் இல்ல, ஆனா கையால தட்டி பாக்கற சவுண்ட் கார்டன் வெளியவே இருக்கு, பசங்களோட போக ஏத்த எடம். எந்த கிழமை லீவுன்னு மட்டும் பாத்துட்டு கெளம்புங்க, எலக்ட்ரானிக் சிட்டி ட்ராஃபிக்ல மாட்டி போய் கேட்டு பூட்டியிருந்தா கஷ்டம். வயர் சொருகி பழகணும்னா விசிவி ராக்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கெடைக்குது, லேப்டாப்ல போட்டு மூணு பொட்டிய இணைச்சு ஒரு "பீங்" வர வச்சுட்டு அப்பறம் ஐரோப்பா போனா வேற கண்ணோட பாப்பீங்க.

பாத்துட்டு வந்ததும் 808 வாங்கணும்னு கை அரிக்கும், ஒரிஜினல் பக்கம் போகாதீங்க, வெலை கேட்டா மாந்தோப்ப அடமானம் வைக்கணும். ரோலண்டே 2017ல டிஆர்-08ன்னு ஒரு அடி ஸ்கேல் நீளத்துக்கு சின்னதா ஒண்ணு விட்டாங்க, அதே கலர், அதே 16 பட்டன். வாங்கி மேடையில வைக்கறதா இருந்தா பேட் வாசிக்கற அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லி அவருக்கும் ரெண்டு அடி சொல்லி குடுத்துடுங்க, இல்லன்னா அன்னிக்கு கச்சேரியில அவர் டெம்போவ எங்க இழுத்துட்டு போவாருன்னு யாராலயும் சொல்ல முடியாது.