கோயில் கட்ட அனுமதி கேட்கும் வழக்குகள்: வழக்கறிஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கோயில், சர்ச், மசூதி கட்ட முயலும் குழுக்களுக்காக வாதாட வரும் இளம் வழக்கறிஞர்கள், எடுத்த எடுப்பிலேயே 2000-ஆம் ஆண்டின் ஆர்லூபா (RLUIPA) சட்டத்தைப் பேசுகிறார்கள். வழிபாட்டுக்குப் பெருஞ்சுமையாகும் ஜோனிங் (எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்ற உள்ளாட்சி விதி) முடிவுகளைத் தடுக்கும் நல்ல சட்டம்தான். ஆனால் பல வழக்குகள் அதற்கு முன்பே தோற்றுவிடுகின்றன. கெடு தவறுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நிலத்தை முதலில் வாங்கிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு கோயில் கமிட்டி என்னிடம் வந்தபோது கிரயமே முடிந்திருந்தது. பக்தர்கள் கொடுத்த நன்கொடை முழுவதும் அந்த நிலத்தில் முடங்கிவிட்டது. அங்கே வழிபாட்டுத் தலம் கூடாது என்று ஜோனிங் விதியிலேயே இருந்தது. “சாமி காரியம், எப்படியும் அனுமதி கிடைச்சிடும்னு நினைச்சோம் சார்” என்றார் செயலாளர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடச் சொன்ன வழக்கறிஞருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இல்லினாயின் நார்த்புரூக்கில் பெட்ரா பிரெஸ்பிட்டேரியன் சபை தொழிற்பகுதியில் ஒரு கட்டடத்துக்கு ஒப்பந்தம் போட்டது. அனுமதி கிடைக்காது என்று தெரிந்த பிறகும் வாங்கி முடித்தது. தெரிந்தே வாங்கியவர் அப்புறம் சுமை என்று முறையிட முடியாது என்று 2007-இல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

அனுமதி கிடைத்தால்தான் கிரயம், இல்லாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். விற்பவர் அதற்கு இறங்கிவராவிட்டால் வேறு நிலம் பாருங்கள்.

ஒரே மறுப்போடு கோர்ட்டுக்கு ஓடுவது

கலிஃபோர்னியாவின் சட்டர் கவுண்டியில் குரு நானக் சீக்கிய சங்கம் குடியிருப்புப் பகுதியில் மறுக்கப்பட்டதும் விவசாய நிலத்துக்கு மாறியது. கேட்ட நிபந்தனைகளையெல்லாம் ஏற்றது. அதற்கும் மறுப்பு வந்த பிறகுதான் வழக்குப் போட்டு, 2006-இல் ஒன்பதாவது சர்க்யூட்டிலும் வென்றது. அந்தப் பொறுமையே அதற்குச் சாட்சியமானது.

நகராட்சியின் அனுமதி விசாரணையில் பக்தர்களை மட்டும் பேசவைப்பது

போக்குவரத்துப் பொறியாளரையும் கூட்டிப்போங்கள். பெரும்பாலும் கோர்ட் பார்ப்பது அந்த விசாரணைப் பதிவைத்தான்.

அக்கம்பக்கத்தாரை வழக்குக்குப் பிறகு சந்திப்பது

முதலிலேயே போய்ப் பேசுங்கள்.

பார்க்கிங் கணக்கை அப்படியே ஏற்பது

நியூஜெர்சியின் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் சர்ச்சுகளுக்கு மூன்று பேருக்கு ஓர் இடம் என்பது கணக்கு. மசூதிக்கு மட்டும் அந்தக் கணக்கைவிட அதிகமாக 107 இடங்கள் கேட்டார்கள். 2016-இல் மத்திய நீதிமன்றம் அதைப் பாரபட்சம் என்றது. முன்பு மற்றவர்களுக்குக் கொடுத்த அனுமதிக் கோப்புகளை நகராட்சியிடம் கேட்டு வாங்குங்கள்.