சோயாவுக்கு எருவும் போட்டு யூரியாவும் போடுகிறவர்களுக்கு

புதிதாகச் சோயா விதைத்த ஒருவரின் வயலுக்குப் போயிருந்தேன். வரப்பில் யூரியா மூட்டை தயாராக நின்றது. "இலை வெளுக்குதுங்க, ஒரு கை வீசிடலாமா?" என்றார். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது, ஏனென்றால் இதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

எருவுக்கு மேல் யூரியா

அந்த வருடம் அடியுரமாகக் கோழி எருவைத் தாராளமாகக் கொட்டியிருந்தேன். மாட்டெருவைவிட அதில் தழைச்சத்து (யூரியாவில் இருக்கும் அதே நைட்ரஜன்) பல மடங்கு அதிகம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் இருபதாம் நாள் இலை லேசாக வெளுத்ததும் பயந்துபோய் யூரியாவும் வீசினேன். பயிர் கருகருவென்று இடுப்பளவு வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "என்ன போட்டீங்க?" என்று கேட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு மழைக்குப் பாதி வயல் சாய்ந்தது. செடியை விலக்கிப் பார்த்தால் தழைதான் இருக்கிறது, காய் இல்லை.

சோயா தன் வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவைக் கொண்டு காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மண்ணிலேயே அது தாராளமாகக் கிடைத்தால் முடிச்சு விடாது. விட்டாலும் வேலை செய்யாது. அந்த இருபதாம் நாள் வெளுப்பு பெரும்பாலும் நோயும் இல்லை, குறையும் இல்லை. விதையில் இருந்த சத்து தீர்ந்து, முடிச்சு இன்னும் வேலையைத் தொடங்காத இடைவெளி அது.

யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் மண்வெட்டியை எடுங்கள். விதைத்து நான்கைந்து வாரத்தில் நாலைந்து செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தால் யூரியாவை மறந்துவிடலாம். என் வயலில் அன்று தோண்டியதில் கடுகளவு வெள்ளை முடிச்சு இரண்டு மூன்றுதான் இருந்தது.

பச்சை எரு

மக்காத எருவைப் போட்டால் களையையும் வேர்ப்புழுவையும் நீங்களே விதைக்கிறீர்கள்.

எருவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

எருவிலும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இருக்கின்றன. மண் பரிசோதனை சொன்ன அளவில் அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் உரமாகக் கொடுங்கள். சூப்பர் பாஸ்பேட் என்றால் கந்தகமும் கூடவே வரும், சோயாவுக்கு அது பிடிக்கும்.

விதையோடு உரம்

முடிச்சு விடுவதற்காக ரைசோபியம் பாக்டீரியாவைக் கலந்த விதையில் உரம் படக்கூடாது. வெயிலும் ஆகாது, நிழலில் உலர்த்துங்கள்.