பெட்டியில் 525 மடங்கு, கண்ணில் ஒரு மங்கல்: ஐபீஸ் தவறுகள்

போன வாரம் வானம் பார்க்க நாங்கள் கூடியிருந்த இடத்தில் ஒரு பையன் தன் புதுத் தொலைநோக்கியோடு அரைமணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "அண்ணா, சனி ஏன் சாம்பல் பூசின மாதிரி தெரியுது?" குனிந்து பார்த்தேன். 4 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் குழல்), அதற்கு முன்னால் பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ். என் முதல் தொலைநோக்கியில் நான் செருகி வைத்திருந்த அதே ஜோடி.

மூடியைக் கழற்றாமல் பார்ப்பது போன்ற சறுக்கல்களை விட்டுவிடுகிறேன். அவை ஒரே இரவில் தானாகச் சரியாகிவிடும்.

பெருக்கம் கூடினால் நன்றாகத் தெரியும் என்று நம்புவது

தொலைநோக்கியின் குவியத்தூரத்தை (லென்ஸிலிருந்து ஒளி குவியும் புள்ளிவரை உள்ள தூரம்) ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். 700 மி.மீ. தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் 28 மடங்கு தரும், 10 மி.மீ. 70 மடங்கு, 4 மி.மீ. 175. அதை பார்லோ மூன்றால் பெருக்க, 525. பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்களே, அந்த எண் இப்படி வந்ததுதான். கணக்கில் பொய் இல்லை, அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

முன்பக்க லென்ஸ் 70 மி.மீ. என்றால், அது பிடிக்கும் வெளிச்சம் அவ்வளவுதான். பெருக்கம் கூடக்கூட அதே வெளிச்சத்தை அகலமாகப் பரப்புகிறோம். 70 மடங்கில் தெரியும் சனியைவிட 525 மடங்கில் தெரியும் சனி 56 மடங்கு மங்கல். ஐபீஸிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிமன் 0.13 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். அந்த நிலையில் உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசி இழைகள்தான் கிரகத்தைவிடத் தெளிவாகத் தெரியும்! போதாததற்குக் காற்றின் அலைச்சலும் ஸ்டாண்டின் நடுக்கமும் சேர்ந்தே பெருகும். பூமி சுழல்வதால் அரை நிமிடத்துக்குள் சனி பார்வை வட்டத்தை விட்டே ஓடிவிடும்.

லென்ஸின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 70-க்கு 140 மடங்கு. நல்ல இரவிலும் அதற்குமேல் புதிதாக எதுவும் தெரியாது.

இது தெரியாமல் இரண்டு மாதம் லென்ஸில் அழுக்கு என்று நினைத்தேன். சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்து மேல்பூச்சில் கீறல் விழுந்தது. அப்புறம் ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பார்லோவை உருவிவிட்டுத் தன் 10 மி.மீ. ஐபீஸைப் போட்டார். சின்ன உருண்டை, சுற்றிலும் வளையம், இரண்டுக்கும் நடுவே கறுப்பு இடைவெளி. கீறல் மட்டும் இன்றும் இருக்கிறது.

எடுத்தவுடன் சின்ன எண்

முதலில் 25 மி.மீ. ஐபீஸ்; பெருக்கம் குறைவு, வானம் அகலமாகத் தெரியும். கிரகம் நடுவில் வந்தபிறகு சின்ன எண்ணுக்கு மாற்றுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு 4 மி.மீ.

சாதாரண பிளாசல் வகை ஐபீஸில் குவியத்தூரம் குறையக் குறையக் கண்ணையும் நெருக்கமாக வைக்க வேண்டும். 4 மி.மீ.யில் இமைமயிர் ஐபீஸின் லென்ஸைத் துடைக்கும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் திருகைத் திருப்பினால் சரி. சிதறல் பார்வை (அஸ்டிக்மேடிசம்) இருப்பவர்களுக்கு ஃபோகஸ் திருகு உதவாது; கண்ணாடியோடே பார்க்க, அவர்கள் கண்ணுக்கு 15 மி.மீ.யாவது இடம் விடும் ஐபீஸ் வாங்குங்கள்.

1.25 அங்குலக் குழலில் 40 மி.மீ. பிளாசல்

32 மி.மீ. போதும். 40 வாங்கினால் தெரியும் வானம் அதிகமாகாது, பார்வை வட்டம்தான் சுருங்கும்.

பார்லோவை யோசிக்காமல் சேர்ப்பது

பார்லோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 20-உம் 10-உம் வைத்திருப்பவர் இரண்டு மடங்கு பார்லோ வாங்கினால், 20 மறுபடியும் 10 ஆகிறது. பாதிக் காசு வீண். 25-உம் 10-உம் இருந்தால் அதே பார்லோவில் 12.5-உம் 5-உம் கிடைக்கும். 700 மி.மீ. தொலைநோக்கியில் 28, 56, 70, 140 மடங்குகள். பையனிடம் இருந்தது மூன்று மடங்கு. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு 10 மி.மீ.யைச் செருகினேன். அதன்பின் வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு அவன் இடம் விடவே இல்லை.