66/1 குதிரை எப்படி ஜெயித்தது? தோற்றவர்களைப் பார்த்தால் தெரியும்

பிரிட்டனில் ஒரு வார நாள் மதியம், ஐந்தாம் வகுப்பு ஹேண்டிகேப் ஹர்டில் (திறமைக்கு ஏற்ப எடை சுமந்து, சின்னத் தடுப்புகளைத் தாண்டி ஓடும் கீழ்மட்டக் குதிரைப் பந்தயம்), 12 குதிரைகள், ஜெயித்தது 66/1 (ஒரு பவுண்டு கட்டினால் 66 பவுண்டு லாபம்) என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக ஓடிய நாலு ரேஸில் இரண்டில் பாதியிலேயே நிறுத்தப்பட்ட குதிரை அது. ரிசல்ட்டைப் பார்த்ததும் பெரும்பாலானோர் வாயில் வருவது இரண்டு பதில்கள்தான். ஒன்று, "இத்தனை நாள் வேண்டுமென்றே பிடித்து ஓட்டியிருக்கிறார்கள்". இன்னொன்று, "குருட்டு அதிர்ஷ்டம்". சில சமயம் இவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எதைச் சொன்னாலும் யோசனை அங்கேயே நின்றுவிடும், அதே குதிரை மூன்று வாரம் கழித்து மறுபடி வரும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் இந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதல் வேலை, ரீப்ளேயைப் போடுங்கள், ஆனால் ஜெயித்த குதிரையைப் பார்க்காதீர்கள். விலை குறைவாக இருந்த, அதாவது ஜெயிக்கும் என்று அதிகம் நம்பப்பட்ட ஐந்து குதிரைகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றாக, தேவைப்பட்டால் ஐந்து தடவை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ரேஸை எந்த இடத்தில் இழந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். இது சலிப்பான வேலைதான், ஆனால் முக்கால்வாசி விளக்கம் இங்கேதான் கிடைக்கும்.

காரணம் எளிது. தாண்டல் ரேஸில் உச்சத்தில் இருக்கும் குதிரைகளின் ரேட்டிங் (திறமைக்குத் தரும் எண்) 170-க்கு மேல் போகும், இந்த ஐந்தாம் வகுப்பில் ஓடுபவை பெரும்பாலும் 100-ஐச் சுற்றியோ அதற்குக் கீழோதான். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு குறை உண்டு. ஒன்றுக்குக் கால் தசைநாணில் பழைய காயம், ஒன்றுக்கு மூச்சுக் கோளாறு, ஒன்று தாண்டத் தெரியாதது, இன்னொன்றுக்கு மனமே இல்லை. அதோடு இரண்டு மைல் ஹர்டில் என்றால் குறைந்தது 8 தடுப்புகள், சேஸ் (பெரிய வேலிகளைத் தாண்டும் ரேஸ்) என்றால் 12 வேலிகள், அந்த வேலிகளும் குறைந்தது நாலரை அடி உயரம். ஒவ்வொரு தாண்டலும் ரேஸைத் தொலைக்க ஒரு வாய்ப்பு. அதனால் இந்தத் தரத்தில் ஜெயிக்க அபாரமாக ஓட வேண்டியதில்லை, தன் பழைய அளவில் ஒழுங்காக ஓடினாலே போதும், அன்றைக்கு மற்றவை ஓடவில்லை என்றால்.

நோட்டில் எழுதுவது இப்படி இருக்கட்டும் (ஃபேவரிட் என்றால் விலை மிகக் குறைந்த குதிரை, லென்த் என்றால் ஒரு குதிரையின் நீளம்): "ஃபேவரிட்: முதல் மைல் முழுக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு இழுத்தது, ஜாக்கி பின்னால் சாய்ந்தே இருந்தார், கடைசி வளைவில் தெம்பு இல்லை. இரண்டாவது விலை: கடைசிக்கு மூன்றாவது ஹர்டிலில் தூரத்திலிருந்தே எம்பியது, மூக்கு புல்லில் பட்டது, ஜாக்கி கழுத்தைக் கட்டிக்கொண்டார், 6 லென்த் போயிற்று. மூன்றாவது: சுத்தமாக ஓடியது, 3 லென்த்தில் தோற்றது." இதை எழுதியதும் விஷயம் தானாக விளங்கும். ஐந்தில் நாலு குதிரைகள் தம் ரேஸை ஓடவே இல்லை என்றால், 66/1 குதிரை உண்மையில் ஜெயித்தது ஒரே ஒரு குதிரையைத்தான்.

இதன் உச்சகட்ட உதாரணம் கீழ்மட்ட ரேஸ் அல்ல, பிரிட்டனின் மிகப் பிரபலமான தாண்டல் ரேஸான கிராண்ட் நேஷனல், 1967-இல். 44 குதிரைகள் கிளம்பின. 23-ஆவது வேலி, அந்த ரேஸ் நடக்கும் எய்ன்ட்ரீ டிராக்கில் இருப்பதிலேயே சின்ன வேலிகளில் ஒன்று. ஜாக்கியை ஏற்கெனவே கீழே தள்ளிவிட்டுச் சும்மா ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை அதன் முன்னே குறுக்கே திரும்ப, பின்னால் வந்தவை ஒன்றின்மேல் ஒன்று மோதி நின்றுவிட்டன. மிகவும் பின்தங்கி வந்துகொண்டிருந்த 100/1 ஃபாய்னவான் குதிரைக்கு அந்தக் குவியலைப் பார்த்து ஓரமாக ஒதுங்கி ஒரு இடைவெளியில் தாண்ட நேரம் இருந்தது. ஜாக்கி ஜான் பக்கிங்ஹாம் அதற்கப்புறம் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். ஃபேவரிட்டான ஹனி எண்ட் மறுபடி தாண்டித் துரத்தியும் 15 லென்த் பின்னால்தான் வந்தது. ஃபாய்னவானின் டிரெயினர் அன்றைக்கு எய்ன்ட்ரீயிலேயே இல்லை. எந்தக் கீழ்மட்ட ரேஸிலும் இவ்வளவு பெரிய குவியல் நடக்காது, ஆனால் சின்ன அளவில் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

சரி, தோற்றவர்களைப் பார்த்தாயிற்று. இனி கடிகாரம். அதே நாளில் அதே தூரத்துக்கு வேறு ரேஸ் நடந்திருந்தால் நேரத்தை ஒப்பிடுங்கள். மெதுவான நேரம் என்றால் மேலே எழுதியது உறுதியாகிறது. நல்ல நேரம் என்றால் கதை வேறு, குதிரை நிஜமாகவே முன்னேறியிருக்கிறது, அதற்குக் காரணம் தேட வேண்டும்.

அந்தத் தேடலில் நான் முதலில் திறப்பது ரேட்டிங் வரலாறு. ஹேண்டிகேப்பில் ஒரு ரேட்டிங் புள்ளி என்றால் ஒரு பவுண்டு எடை. தாண்டல் ரேஸில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஒரு லென்த் என்பது கைக்கணக்கு. இப்போது நம் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள், வயது 10, இரண்டு வருடம் முன்பு 112 ரேட்டிங்கில் ஜெயித்தது. அப்புறம் தோற்றுக்கொண்டே வந்தது, ஒவ்வொரு தோல்விக்கும் ரேட்டிங் போடும் அதிகாரியான ஹேண்டிகேப்பர் இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார், இன்று 84. அதாவது 28 பவுண்டு, இரண்டு ஸ்டோன். இழந்த திறமையில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினாலே இந்த ரேஸில் ஜெயிக்க அது போதும். ஃபார்ம் வரிசையில் (முந்தைய ரேஸ்களில் வந்த இடங்களின் வரிசை) கடைசி ஆறு எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த ஜெயிப்பு வரிசைக்கு வெளியே போய்விட்டது. என் அனுபவத்தில் "விளக்கவே முடியாத" ஜெயிப்புகளில் நிறைய இந்த ஒரே இடத்தில் விளங்கிவிடுகின்றன. அந்தப் பழைய ஜெயிப்பு எந்த மாதம், எந்த டிராக், எந்தத் தரை என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

தரை அவ்வளவு முக்கியம். காய்ந்த தரையில் வேகம் உள்ளது ஜெயிக்கும், ஜனவரிச் சேற்றில் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பது ஜெயிக்கும். ஒரு குதிரை வருடம் முழுக்கத் தனக்கு ஒவ்வாத தரையில் ஓடித் தோற்று, அதனாலேயே சுமக்கும் எடை குறைந்து, கடைசியில் மழை வந்த அன்று ஜெயிப்பது அதிசயமே இல்லை. டிராக்கும் அப்படித்தான். ஹெக்ஸமில் முடிவுக்கு ஏறும் மேடு மூச்சை வாங்கும். கார்ட்மெல்லில் கடைசி வேலிக்கு அப்புறம் ஏறக்குறைய அரை மைல் ஓட வேண்டும், வேலியில் முன்னணியில் இருந்தது அங்கே தோற்பது சகஜம். ஃபேக்கன்ஹாம், பிளம்ப்டன் மாதிரி இறுக்கமான டிராக்கில் நீண்ட கால்வீச்சு உள்ள குதிரை திணறும். இன்னொன்றையும் மறக்காதீர்கள், குளிர்காலத்தில் வெயில் தாழ்வாக நேர் எதிரே அடித்தால் நேர்ப்பாதையில் உள்ள தடுப்புகளையே விட்டுவிடுவார்கள். நன்றாகத் தாண்டத் தெரியாத குதிரைக்கு அது பெரிய உதவி. ரிசல்ட் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பாக மட்டுமே அது வரும்.

அடுத்து, என்ன மாறியது? ரேஸ் கார்டில் எல்லாம் இருக்கும். பிளிங்கரோ சீக்பீஸோ (பார்வையை ஓரளவு மறைக்கும் முகக் கவசங்கள்) முதல் தடவையாகக் கட்டியதா, நாக்கைக் கட்டினார்களா, டிரெயினர் மாறினாரா, தூரம் அரை மைல் கூடியதா? மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் ஓட்டம் என்றால், பிரிட்டனில் 2018 ஜனவரியிலிருந்து அதையும் கார்டில் போடுகிறார்கள். ஜாக்கி கண்டிஷனல் ஜாக்கியா (பயிற்சியில் இருக்கும் இளம் ஜாக்கியா) என்பதையும் பாருங்கள். 20 ஜெயிப்பு வரை அவருக்கு 7 பவுண்டு எடைச் சலுகை, 40 வரை 5, 75 வரை 3. திறமையுள்ள இளைஞர் 7 பவுண்டு சலுகையில் உட்கார்ந்தால் அது குதிரைக்குக் கிடைத்த நேரடி லாபம். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. அதே நாள் கார்டில் முதல் தடவை சீக்பீஸ் கட்டித் தோற்ற குதிரைகளையும் எண்ணுங்கள். ஜெயித்த குதிரையிடம் மட்டும் மாற்றத்தைத் தேடினால் எப்போதும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

முன்னால் ஓடி ஜெயித்திருந்தால் வேகத்தை ஒருமுறை பாருங்கள். 66/1 குதிரை 15 லென்த் முன்னே போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், தானாகத் திரும்பி வரும் என்று விட்டுவிடுவார்கள். மற்ற ஜாக்கிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வளைவு வந்துவிடும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆச்சரியம் என்பதே விலையால் வருவது. ஃபேவரிட்கள் ஜெயிப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு ரேஸ்தான். ஒரு நாளில் 7 ரேஸ், ஒவ்வொன்றிலும் 33/1-க்கு மேல் மூன்று குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால், அன்றைக்கு அப்படி ஒன்றாவது ஜெயிக்க மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிக வாய்ப்பு வருகிறது. எல்லா டிராக்குகளையும் சேர்த்துப் பார்ப்பவர் அடிக்கடி பார்க்கத்தான் செய்வார். 1990 நவம்பரில் கெல்ஸோவில் ஈக்வினாக்ஷியல் 250/1-க்கு ஹேண்டிகேப் ஹர்டில் ஜெயித்தது, அதுவும் இந்தச் சாதாரண மட்டத்து ரேஸ்தான். இங்கே பந்தயப் பணம் குறைவு, விலை போடுபவர்களும் அடிமட்டக் குதிரைகளை நுணுக்கமாகப் பிரிப்பதில்லை. சின்ன லாயம், கேள்விப்படாத டிரெயினர் என்றால் விலை இன்னும் ஏறும். அதே 1990-இல் பெரிய சேஸான செல்டன்ஹம் கோல்ட் கப்பை 100/1-க்கு ஜெயித்த நார்ட்டன்ஸ் காயின் என்ற குதிரையின் டிரெயினர் சிரல் கிரிஃபித்ஸ், வேல்ஸில் பால் பண்ணை வைத்திருந்தவர். அங்கே மற்றவர்கள் விழுந்து வழிவிடவில்லை, ஃபேவரிட்டான டெசர்ட் ஆர்க்கிட் மூன்றாவதாக வந்தது, நேரம் டிராக் சாதனை. விலை தப்பு, குதிரை நல்லது. இந்த இரண்டு வகையையும் கலந்துவிடக் கூடாது.

இதையெல்லாம் முடித்தபின் மட்டும் சந்தேகத்துக்கு வாருங்கள். ஃபார்ம் திடீரென்று ஏறியிருந்தால் ரேஸ் அதிகாரிகளான ஸ்டூவர்ட்கள் டிரெயினரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள், பதிலும் அறிக்கையில் வரும், படியுங்கள். பணம் பாய்ந்து 20/1 குதிரை 4/1 ஆகி ஜெயிப்பதும், யாருமே தொடாத 66/1 ஜெயிப்பதும் வேறு வேறு சங்கதி. யாரோ திட்டம் போட்டிருந்தால் விலை அசைந்திருக்கும். அசையவில்லை, அறிக்கையிலும் ஒன்றுமில்லை என்றால், ஒரு டிரெயினரின் பெயரை இழுத்து எழுதுவது அநியாயம். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து சில ஆயிரம் பவுண்டு பரிசுக்காகப் பாடுபடும் ஆட்கள் அவர்கள்.

கடைசியாக, விளக்கத்தை மூன்று வரிக்குள் எழுதி வையுங்கள், அதில் அடுத்த ரேஸைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். நம் குதிரைக்கு: "பழைய 112 குதிரை, 84-இல், சேற்றில். முன்னணி ஐந்தில் நாலு சரியாக ஓடவில்லை, நேரம் மெதுவு. அடுத்த முறை கூடுதல் எடையோடு காய்ந்த தரையில் வந்தால் வேண்டாம், மழை பெய்து 90-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி பார்க்கலாம்." ஒரு காரணமும் கிடைக்கவில்லை என்றால் "காரணம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள், அதுவும் சரியான பதிவுதான். அப்புறம் அந்தக் குதிரையும், அது தோற்கடித்த முதல் மூன்றும் அடுத்து ஓடும்வரை காத்திருந்து, ரிசல்ட்டை அந்த வரிக்குப் பக்கத்திலேயே போட்டு வையுங்கள்.